எத்தனை கட்டை? பதினோரு குரலுக்கு ஒரு சுருதி தேடிய கதை

"நான் ஒரு கட்டைம்மா" என்றார் மாடி வீட்டு மாமா. "எங்களுக்கு ஐந்தரை" என்றார்கள் அக்கா தங்கை இருவரும், ஒரே மூச்சில். நவராத்திரிக்கு மூன்று வாரம் இருந்தது. எங்கள் குடியிருப்பின் பொதுக் கொலுவில் ஒரு மாலை நாற்பது நிமிடம் பாட வேண்டும். பெண்கள் ஏழு பேர், ஆண்கள் மூவர், குரல் உடைந்துகொண்டிருக்கும் பதினாலு வயதுப் பையன் ஒருவன். நான் பாட்டு சொல்லித் தருகிறவள் என்பதால் சுருதியை, அதாவது எந்த உயரத்தில் ஸ வைத்துப் பாடுவது என்பதை, முடிவு செய்யும் வேலை என் தலையில் விழுந்தது.

கட்டை என்பது ஆர்மோனியத்தின் கட்டைதான். ஸி என்கிற வெள்ளைக் கட்டை 1, டி 2, இ 3, எஃப் 4, ஜி 5. நடுவில் வரும் கறுப்புகள் அரைக் கட்டைகள். 3-க்கும் 4-க்கும் நடுவே கறுப்பு கிடையாது. ஆகவே மூன்றரைக் கட்டை என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. (தன் சுருதி மூன்றரை என்று அடித்துச் சொன்ன ஒரு அன்பரை எனக்குத் தெரியும். நான் மறுத்துப் பேசவில்லை.) 1-லிருந்து 2-க்குப் போக இரண்டு அரைப்படி (கறுப்போ வெள்ளையோ, பக்கத்துக் கட்டைக்கு இருக்கும் தூரம் ஓர் அரைப்படி) ஏற வேண்டும், 3-லிருந்து 4-க்கு ஒன்றே ஒன்று. "ஒரு கட்டை ஏத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் எங்கிருந்து என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஸ ரி க ம ப த நி என்பதன் முழுப் பெயர்கள் ஷட்ஜம், ரிஷபம், காந்தாரம், மத்யமம், பஞ்சமம், தைவதம், நிஷாதம். மாமாவின் 1 கட்டையில் ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். பெண்கள் 5 கட்டை வைத்தால் 196. ஒன்றரை மடங்கு, அதாவது மாமாவின் பஞ்சமம்தான் பெண்களின் ஷட்ஜம். இது பின்னால் உதவும்.

சுருதி மாற்றுவது நம் சங்கீதத்தில் செலவில்லாத காரியம் என்று பலரும் நினைக்கிறார்கள். மேற்கத்திய முறையில் பாட்டைத் தாளில் எழுதிவிட்டால் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் நிலையான இடம் வந்துவிடுகிறது. ஷூபர்ட்டின் பாடல்களையே உயர்ந்த குரலுக்கு, நடுக்குரலுக்கு, தாழ்ந்த குரலுக்கு என்று தனித்தனிப் பதிப்புகளாகப் போட்டு விற்கிறார்கள். நம் புத்தகத்தில் யார் பாடினாலும் அதே ஸ ரி க ம. சுருதிப் பெட்டியைத் திருகினால் முடிந்தது. புத்தகத்துக்குச் செலவில்லை, வாஸ்தவம். தொண்டைக்கும் பக்கவாத்தியத்துக்கும் உண்டு.

எனவே கட்டைப் பஞ்சாயத்தை ஒத்திவைத்துவிட்டு, ஒவ்வொருவரையும் தனியாகப் பாட வைத்தேன். கீழே எதுவரை குரல் தெளிவாக நிற்கிறது, மேலே எதுவரை கத்தாமல் நிற்கிறது. ஒரு ஸ்வரத்தை எம்பித் தொட்டுவிட்டு இறங்குவதைக் கணக்கில் சேர்க்கவில்லை; ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுச் சுற்று, அகாரத்தில் ('ஆ' என்று) நின்று காட்ட வேண்டும். மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. மேல் பஞ்சமம் தொட்டவன் நான் என்றார். தொட்டது 1987-இலாம்.

மூன்று ஆண்களுக்கும் பொதுவாக வசதிப்பட்ட இடம், 1 கட்டைக் கணக்கில், கீழ்த் தைவதத்திலிருந்து மேல் காந்தாரம் வரை. ஏழு பெண்களுக்கும் பொதுவான இடம், 5 கட்டைக் கணக்கில், கீழ் நிஷாதத்திலிருந்து மேல் மத்யமம் வரை. இரண்டையும் ஆர்மோனியத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஆணும் பெண்ணும் அச்சாக ஒரே ஒலியில் சேர்ந்து பாடக்கூடிய இடம் நாலரைக் கட்டை ஷட்ஜத்தில் ஆரம்பித்து அதன் கைசிகி நிஷாதத்தோடு (மேல் ஷட்ஜத்துக்கு இரண்டு அரைப்படி கீழே) முடிந்துவிடுகிறது. ஒரு ஸ்தாயிகூட (ஒரு ஸ-விலிருந்து அடுத்த ஸ வரை) முழுசாகத் தேறவில்லை. இதற்கு அப்புறம்தான் எந்த வழி நல்லது என்ற பேச்சே.

பெண்களின் சுருதியையே எல்லோருக்கும் வைப்பது ஒரு வழி. பெரும்பாலான பாட்டு வகுப்புகளில் நடப்பது இதுதான். சொல்லித் தருகிறவர்களில் பெண்கள் அதிகம், பிள்ளைகளின் குரலும் அந்தப் பக்கம்தான். ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடிவிட்டுப் போகட்டும் என்பார்கள். 5 கட்டையை ஒரு ஸ்தாயி இறக்கினால் ஷட்ஜம் 98 ஹெர்ட்ஸ். எங்கள் மூவரில் ஒருவருக்கும் அங்கே குரல் இல்லை, காற்றுதான் வருகிறது. பல்லவி நெடுக முணுமுணுத்துவிட்டு அனுபல்லவியில் திடீரென்று மூன்று பேர் முழித்துக்கொண்ட மாதிரி இருக்கும். பழகிய ஆண்கள் இதை வேறு விதமாகச் சமாளிப்பார்கள்: தாழ்ந்த சங்கதிகளை (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் வடிவங்களை) பெண்களின் ஸ்தாயியிலேயே சேர்ந்து பாடுவார்கள், பாட்டு மேலே ஏறும்போது ஒரு ஸ்தாயி இறங்கிக்கொள்வார்கள். எங்கே தாவுவது என்பதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. வரி முடிந்து ஸ்வரத்தை நீட்டி நிற்கிற கார்வையில் தாவலாம். சங்கதியின் வயிற்றில் தாவினால் கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, உடைந்துவிடும். திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையன்று பஞ்சரத்னம் பாடும் கூட்டத்தில் எத்தனை பேர் எங்கெங்கே தாவினாலும் காதில் விழாது. பதினோரு பேரில் நன்றாக விழும்.

ஆண்களின் சுருதிக்குப் பெண்களைக் கொண்டுவருவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1 கட்டையில் ஏறிப் பாடினால் மேல் ஷட்ஜத்திலேயே எங்கள் பெண்களின் எல்லை முடிந்துவிடுகிறது, அதற்கு மேலே கள்ளக் குரல்தான். இறங்கிப் பாடினால் பல்லவியே கேட்காது. மாமா ஒருவருக்கு மட்டும் சந்தோஷம்.

உயர்ந்த சுருதிக்கு இன்னமும் ஒரு மவுசு இருக்கிறது. ஒலிபெருக்கி இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசை வரைக்கும் கேட்க வேண்டியிருந்தது. எஸ்.ஜி. கிட்டப்பா போன்றவர்கள் இன்று ஆண்கள் நினைத்துப் பார்க்காத உயரத்தில் பாடிக் கொடிகட்டிப் பறந்தார்கள். நாதஸ்வரத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர்; உச்சத்தில் ஒலிக்கும் திமிரி நாயனம் இருந்த இடத்தில், நீளமான, தாழ்ந்த சுருதியுள்ள பாரி நாயனத்தைப் பிரபலமாக்கினார் டி.என். ராஜரத்தினம் பிள்ளை. இறங்கினதால் அவர் வாசிப்பின் கம்பீரம் குறைந்தது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அக்கா தங்கையிடம் இதைச் சொன்னேன். "அது நாயனம், இது நாங்க" என்றார்கள்.

அடுத்தது நடுவில் ஒரு சுருதி. இரு தரப்பும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது என்று இதை நினைத்தால் ஏமாந்துபோவோம். நடுவில் வைத்த சுருதியில் சில பாட்டுகள் எல்லோருக்கும் சுகமாக அமையும், சில பாட்டுகள் ஒருவருக்குமே அமையாது. பாட்டின் மேல் கோடியும் கீழ்க் கோடியும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. நாங்கள் எடுத்திருந்த நாமாவளி செஞ்சுருட்டியில். செஞ்சுருட்டி, புன்னாகவராளி, நாதநாமக்கிரியை, குறிஞ்சி மாதிரி ராகங்கள் மேல் ஷட்ஜத்துக்கே ஏறுவதில்லை. கச்சேரியில் இவற்றை மத்யம சுருதியில் பாடுவதற்குக் காரணம் அதுதான். மத்யமத்தையே ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் பாட்டு முழுக்கக் குரல் எடுப்பாக ஒலிக்கிற இடத்துக்கு வந்துவிடும். ஒன்றரைக் கட்டைக்காரர் மத்யம சுருதியில் பாடினால் அவர் ஷட்ஜம் எங்கே இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். நாலரை. நான் அளந்து கண்டுபிடித்த பொது இடமும் அதே நாலரை. ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்து இது பிடிபட்டபோது எனக்கே ஒரு சின்ன குதூகலம். பழைய ஆட்கள் அளக்காமலேயே தெரிந்து வைத்திருந்த விஷயம்.

நாமாவளி கீழ்த் தைவதத்தைத் தொடும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள், பெண்கள் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் இந்தச் சுருதியில் பெண்களின் குரல் அடங்கித்தான் கேட்கும், 5-இல் இருக்கிற மினுக்கு வராது.

நாங்கள் எடுத்த கிருதி வேறு ரகம். பல்லவி கீழ் நிஷாதத்தைத் தொட்டுக் கிளம்புகிறது, அனுபல்லவி மேல் மத்யமம் வரை போகிறது. பெண்களுக்கு அது 5 கட்டையில்தான் கச்சிதமாக உட்காருகிறது. ஐந்தரையில் வைத்தால் அக்கா தங்கை இருவர் மட்டும் பாடலாம், மற்ற ஐவரும் உதட்டை அசைக்கலாம்.

அப்படியானால் பாட்டுக்குப் பாட்டு சுருதியை மாற்றிக்கொள்ளலாமே? தொண்டைகளுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் வாத்தியக்காரர்களிடம் போய்க் கேளுங்கள். புல்லாங்குழல்காரர் வேறு குழலை எடுத்துக்கொள்வார், அவர் பையிலேயே ஒவ்வொரு சுருதிக்கும் ஒரு குழல் இருக்கும். வயலினில் நாலு தந்தியையும் திருப்பிக் கூட்ட வேண்டும். ஏற்றும்போது தந்தி அறுந்தால் அன்றைய பொழுது போச்சு. வீணையை அரைக் கட்டை நகர்த்தலாம், அதற்கு மேல் தந்தி தொங்கும் அல்லது முறுக்கிக்கொள்ளும். கடத்தின் சுருதி சூளையிலேயே முடிவாகிவிட்டது; மானாமதுரையிலிருந்து நாலைந்து கடம் வாங்கி வைத்திருந்தால்தான் உண்டு. மிருதங்கக்காரர்கள் ஆண் குரலுக்குத் தக்கு, பெண் குரலுக்கு ஹெச்சு என்று இரண்டு வைத்திருப்பார்கள். வலந்தலையை, அதாவது வலது பக்கத் தோலை, கல்லாலும் மரக்கட்டையாலும் தட்டித் தட்டி அரைக் கட்டை ஏற்றி இறக்க முடியும், ஆனால் சபை நடுவே ஐந்து நிமிடம் டங் டங் என்று தட்டிக்கொண்டிருந்தால் முன்வரிசை சுண்டல் வாங்க எழுந்துவிடும்.

மெல்லிசைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு என்று தோன்றும். அவர்கள் கட்டை என்று சொல்லாமல் ஸ்கேல் என்பார்கள். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தான் இருக்கிறது. ஆண் பாடிய பாட்டைப் பெண்ணுக்காக ஐந்து அரைப்படி ஏற்ற வேண்டுமானால் ஐந்து தடவை அழுத்தினால் ஆயிற்று, விரல்கள் பழகின கட்டைகளிலேயே ஓடும். கிதாருக்குக் கழுத்தில் மாட்டும் கேப்போ என்ற கிளிப், ஆனால் அது ஏற்றத்தான் செய்யும், இறக்காது. கரோக்கி டிராக்கைச் செயலியில் இரண்டு மூன்று படி நகர்த்தினால் தெரியாது, அதற்கு மேல் போனால் டிரம்ஸ் தகர டப்பா மாதிரி ஆகிவிடும், பின்னணிக் கோரஸ் இருந்தால் பொம்மை பேசுகிற மாதிரி கேட்கும். கேசட் காலத்தில் வேகத்தைக் கூட்டித்தான் சுருதியைக் கூட்டினோம். ஒரு அரைப்படிக்குச் சுமார் ஆறு சதவீதம் வேகம் ஏறும். மூன்று படி ஏற்றினால் தாலாட்டு டப்பாங்குத்தாகிவிடும்.

பொத்தானின் ஆபத்து மறதிதான். உறவுக்காரக் கல்யாண வரவேற்பு ஒன்றில் பார்த்தேன். பெண் ஒருவர் பாடி முடித்துக் கைதட்டு வாங்கிப் போனார். அடுத்து ஒரு அண்ணா மைக்கைப் பிடித்தார். கீபோர்டுக்காரர் ஐந்து படியை இறக்க மறந்துவிட்டார். முன்னிசை வழக்கம் போல வந்தது, கீபோர்டு தவிர வேறு துணை இல்லாததால் வித்தியாசமும் தெரியவில்லை. அண்ணாவும் காதில் விழுந்த சுருதியில் அழகாக ஆரம்பித்தார். பல்லவி தப்பித்தது. சரணத்தில் மேலே ஏறின இடத்தில் அவர் கழுத்து நரம்பு புடைத்ததையும், மணமேடையிலிருந்து மாப்பிள்ளை திரும்பிப் பார்த்ததையும் இன்னும் மறக்கவில்லை. இடையிசையில் குனிந்து பொத்தானைப் பார்த்த கீபோர்டுக்காரர், பாட்டு நடுவில் மாற்றவும் முடியாமல், மாற்றாமல் இருக்கவும் முடியாமல் வேர்த்துக்கொண்டிருந்தார்.

பொத்தான் இல்லாத ஆர்மோனியத்தில் புதிதாகப் பழகுகிறவர்கள் இன்னொரு பள்ளத்தில் விழுவார்கள். 1 கட்டையில் மோகனம் ஐந்தும் வெள்ளைக் கட்டை. அதை 2-க்கு மாற்றச் சொன்னால், அதே வெள்ளைகளை இரண்டாவது கட்டையிலிருந்து ஆரம்பித்து வாசிப்பார்கள். அது மத்யமாவதி. சுருதியை மாற்றப் போய் ராகம் மாறிவிட்டது. இதற்குக் கிரகபேதம் என்று பெயர், வித்வான்கள் வேண்டுமென்றே செய்வார்கள். 2 கட்டை மோகனத்துக்குக் காந்தாரம் கறுப்புக் கட்டையில் இருக்கிறது.

ஆணும் பெண்ணும் அவரவர் ஷட்ஜத்திலேயே நின்று, ஒரே தம்புராவுக்கு மாறி மாறிப் பாடுகிற வழியும் உண்டு. ஆண் 2 கட்டை, பெண் 5 என்று வையுங்கள். 5-ஐயும் 2-ஐயும் மீட்டுகிற தம்புரா பெண்ணுக்கு ஸ-ப, ஆணுக்கு ம-ஸ. இந்துஸ்தானியில் பண்டிட் ஜஸ்ராஜ் இந்தக் கணக்கின் மேல் ஜஸ்ரங்கி என்ற ஜுகல்பந்தி (இருவர் சேர்ந்து பாடும்) முறையையே அமைத்தார். அதில் இருவரும் ஆளுக்கொரு ராகம் பாடுவார்கள், ஸ்வரங்கள் மட்டும் ஒத்துப்போகும். கேட்கப் பிரமாதமாக இருக்கும். கொலுவில் பாடுகிற குழுவுக்கு ஆகாது. இருவரும் ஒரே வரியைச் சேர்ந்து பாட முடியாது, மோகனம், ஹம்சத்வனி மாதிரி மத்யமம் இல்லாத ராகத்தை ஆண் எடுத்தால் தம்புராவின் மத்யமம் காதைக் குடைந்துகொண்டே இருக்கும். ஆனால் இந்த யோசனையில் ஒரு துண்டை மட்டும் திருடிக்கொண்டேன், சொல்கிறேன்.

இத்தனையும் பார்த்துவிட்டு நாமாவளி நாலரை, கிருதி ஐந்து, ஆண்களுக்குத் தனியாக ஒன்றரையில் ஒரு பாட்டு என்று தாளில் எழுதி வைத்தேன். மிருதங்கம் வாசிக்க ஒப்புக்கொண்ட கல்லூரிப் பையன் வந்து தாளைப் பார்த்தான்.

"அக்கா, தக்கு மிருதங்கம் வலந்தலை கிழிஞ்சு புதுத் தோல் மூட்டக் குடுத்திருக்கேன். ஹெச்சு ஒண்ணுதான் இருக்கு. அது நாலரையில நல்லா நிக்குது."

"அஞ்சுக்கு ஏத்த முடியாதாப்பா?"

"ஏத்தலாம். ஆனா நடுவுல ஏத்தி இறக்கிட்டு இருந்தா ரெண்டுமே சரியா நிக்காதுக்கா."

இத்தனை நாளாக எண்ணிய ஹெர்ட்ஸ் கணக்கெல்லாம் ஒரு மிருதங்கத்தின் முன்னால் முடிந்துபோனது. எல்லாம் நாலரை என்று வைத்தேன். கிருதியில் கீழ் நிஷாதம் வரும் இடத்தில் இரண்டு பேருக்குக் குரல் எட்டவில்லை. அந்த ஒரு இடத்தில் அவர்கள் பாட வேண்டாம், மற்ற ஐந்து பேர் போதும். ஆண்கள் கிருதியில் பல்லவிக்கு மட்டும், பெண்களின் ஸ்தாயியிலேயே; அனுபல்லவியில் தாளம் போடட்டும். பதினாலு வயதுக்காரனுக்கு அன்றன்றைக்கு எந்தக் குரல் வரும் என்று அவனுக்கே தெரியவில்லை. நாமாவளியில் வரும் ஐந்து ஸ்வரத்துக்குள் அடங்கும் ஒரு வரியை மட்டும் அவனுக்குக் கொடுத்தேன், மற்ற நேரம் ஜால்ரா. குரல் நிலைக்கும் வரை அவனுக்குச் சுருதி குறித்துக் கொடுக்க மாட்டேன் என்று அவன் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

ஆண்களின் பாட்டு? மிருதங்கமே வேண்டாத ஒன்றாக அதை மாற்றினேன். மாமா ஒன்றரையில் காம்போதி ராகத்தில் ஒரு விருத்தம். தம்புரா செயலியில் ஒன்றரைக் கட்டை, மத்யமம். இதுதான் நான் திருடிய துண்டு. ஒன்றரையின் மத்யமம் நாலரை; நாலரையின் பஞ்சமம் ஒன்றரை. அதே இரண்டு ஒலிகள். விருத்தம் முடிந்ததும் தம்புராவில் கை வைக்காமல் பெண்கள் தங்கள் ஷட்ஜத்தைப் பிடித்து நாமாவளியை எடுக்கலாம்.

ஒத்திகையில் ஒரு காரியம் மட்டும் கறாராகச் செய்தேன். செயலியில் சுருதி எண் தெரிகிற இடத்தின் மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிவிட்டேன். முதல் நாள் கிருதி முடிந்ததும் அக்கா தங்கையில் மூத்தவர், "இப்பதான் ஐந்தரையில சரியா உட்காருது" என்றார். மிருதங்கப் பையன் குனிந்துகொண்டான். விருத்தம் முடித்துத் தண்ணீர் குடித்த மாமா என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஒரு கட்டைதானேம்மா?"

"தொண்டை சௌகரியமா இருந்துதா மாமா?"

"ரொம்ப."

"அப்ப நாளைக்கும் ஆறு மணிக்கு வந்துடுங்கோ."